பாக்குக்கு ஒரு சொல்

அந்தப் பெயரை முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன். போய்க்கின். நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் தெருவில் அது ஒரு மொழியின் பெயர் இல்லை, பாதி வாக்கியம். "நீ போய்க்கினே இரு, பின்னாடியே வரேன்" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது சொல்லுவார்கள். அப்படி இருக்கும்போது பப்புவா நியூ கினியின் வடகரையில் வீவாக் என்கிற ஊரில், ஒரு மொத்தக் கடையின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வாரத்தில், கோடவுன் பார்த்துக்கொண்டிருந்தவரைக் காட்டி "அவர் போய்க்கின்" என்று யாரோ சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

அவர் பெயர் இங்கே வேண்டாம், கோடவுன்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். யாங்கோரு மலைப்பக்கத்து ஆள். என்னை முதலில் "பாஸ்" என்றார், நாலு மாதம் போனதும் "பிராட்டா" ஆனேன். நீங்கள் போய்க்கினா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் போய்க்கின் என் வீட்டுக்காரியோட ஊர்ப்பக்கம். நான் யாங்கோரு" என்றார். அப்படியானால் நீங்கள் பேசும் மொழிக்கு என்ன பெயர்? "டோக் ப்ளெஸ்." நாடு முழுக்கப் பொதுப்பேச்சாக இருக்கும் டோக் பிசினில் அதற்கு ஊர்ப்பேச்சு என்று அர்த்தம், அவ்வளவுதான். நாட்டில் 800-க்கும் மேல் மொழிகள் இருக்கின்றன, எல்லாருக்கும் அவரவர் மொழி டோக் ப்ளெஸ்தான். வெளியாள் வந்து கேட்டால்தான் அதற்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படுகிறது.

இந்த விஷயம் எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது.

போய்க்கின் என்பது வீவாக்குக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். அந்தப் பகுதி 1884-லிருந்து முதல் உலகப்போர் வரை ஜெர்மானியர் கையில் இருந்தது. அவர்கள் காலத்தில் வந்த கத்தோலிக்கப் பாதிரிமார்கள் கடற்கரையில்தான் முதலில் இறங்கினார்கள், வேறு வழியும் இல்லை. போய்க்கின் கிராமத்தில் மிஷன் அமைந்தது. பாதிரிகள் அங்கே கேட்ட மொழிக்கு அந்த ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மலையேறிப் பார்த்தால் அங்கேயும் அதே சாயலில் ஒரு பேச்சு, மலைக்கு அந்தப்பக்கம் புல்வெளியில் இறங்கினால் அங்கேயும், கடலில் படகேறி தாராவாய், வாலிஸ் தீவுகளுக்குப் போனால் அங்கேயும். எல்லாம் ஒரே பேரேட்டில் ஏறிவிட்டது. சென்ட்ரலில் இறங்கியவன் ரயில் போகிற தூரம் முழுக்க சென்ட்ரல் என்றே எழுதிக்கொண்டு போன மாதிரி. இன்றைக்குக் கணக்கெடுப்பவர்கள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள் என்கிறார்கள். ஆயிரம் பேர்கூடப் பேசாத மொழிகள் ஏராளமாக இருக்கும் நாட்டில் இது பெரிய மொழி. உள்ளே ஏழெட்டுக் கிளைமொழிகள் இருக்கின்றன: யாங்கோரு, முஞ்சி, ஹரிப்மோ, குனாய், தீவுப்பேச்சு என்று. இதில் குனாய் என்பதும் வெளியாள் வைத்த பெயர் மாதிரிதான் இருக்கிறது, டோக் பிசினில் அதற்குப் புல் என்று அர்த்தம். புல்வெளிக்காரர்கள், சரி, குனாய்.

கோடவுன்காரரின் மனைவியை சூசா என்று கூப்பிடுவேன். அக்கா தங்கைக்கு அங்கே அந்தச் சொல்தான். அவர் கடலோரப் பெண், அந்த மிஷன் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். டாகுவா மார்க்கெட்டில் பாக்கு விற்பார். புருஷன் மலை போய்க்கின், பெண்டாட்டி கடல் போய்க்கின், புத்தகத்தின்படி இருவருக்கும் தாய்மொழி ஒன்று. வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டது டோக் பிசின். ஏன் என்று கேட்டதற்கு சூசா சிரித்தபடி, "அவர் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும். விளங்குகிற பாதியும் கோபமாகப் பேசுகிற மாதிரியே இருக்கும்" என்றார். பிள்ளைகள் மூன்று பேருக்கும் இரண்டு ஊர்ப்பேச்சும் வராது. அப்பா ஊருக்குப் போனால் தாத்தா சொல்வது கொஞ்சம் புரியும், பதில் டோக் பிசினில்தான்.

நான் பார்த்ததும் கேட்டதும் எதையாவது எழுதி வைக்கிற ஆள், கணக்கு வேலையின் கோளாறு. ஒரு பழைய நீளப் பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் சொற்கள் எழுத ஆரம்பித்தேன். கோடவுன்காரர் சும்மா சொல்லமாட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு பாக்கு, அதுதான் பேச்சு. அங்கே பாக்குக்கு புவாய் என்று பெயர். நம்மைப்போல் காயவைத்துச் சீவுவது கிடையாது, பச்சைக்காயைப் பல்லால் உடைத்து அப்படியே மெல்லுகிறார்கள். இலையும் போடுவதில்லை, வெற்றிலைக் கொடியில் திப்பிலி மாதிரி நீளமாகக் காய்க்குமே, டாகா என்பார்கள், அதைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்கிறார்கள். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது தலை சுற்றி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பாட்டி இடித்துக் கொடுத்த பாக்கை நம்பி இதைத் தொடக்கூடாது.

பேரேட்டில் இரண்டு பத்தி உண்டல்லவா, பற்று, வரவு. கோடவுன்காரர் சொன்னதை இடப்பக்கம் எழுதினேன். ஒருநாள் சூசா பார்த்துவிட்டு, இது தப்பு, இதுவும் தப்பு என்று வலப்பக்கம் தன் சொற்களைச் சொல்லத் தொடங்கினார். அவருக்கும் பாக்கு. அதுவும் அவரிடமே வாங்கி அவருக்கே கொடுத்த பாக்கு, அந்தக் கணக்கை இன்றுவரை என்னால் சரிக்கட்ட முடியவில்லை. பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் ஒத்துவந்தது என்பதுதான் வேடிக்கை. அடியோடு வேறாக இருந்த சொற்களில் தகராறே இல்லை, ஒத்துவந்த சொற்களில்தான் சண்டை. இப்படி இழுக்கக்கூடாது, அப்படி விழுங்கக்கூடாது என்று இருவரும் மாறிமாறித் திருத்துவார்கள். நடுவில் நான்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். போய்க்கின் ண்டு என்கிற மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ண்டு என்று தமிழில் எழுதினால் நண்டிலிருந்தும் வண்டிலிருந்தும் தலையைப் பிய்த்து எடுத்த மாதிரி இருக்கிறது, என்ன செய்ய, அந்த மொழிகளில் ஆளுக்கு, ஆணுக்கு, அதுதான் சொல். டொனால்ட் லேகாக் என்ற ஆஸ்திரேலிய மொழியியலாளர் 1965-ல் அந்தச் சொல்லையே குடும்பத்துக்குப் பெயராக வைத்தார். செபிக் ஆற்றங்கரையில் பேசப்படும் யாட்முல், மனம்பு, மேட்டில் இருக்கும் அபெலாம், எல்லாம் இதன் சகோதரிகள். நமக்கு டகரமும் பகரமும் மெல்லெழுத்துக்குப் பின்னாலோ இரண்டு உயிரொலிக்கு நடுவிலோ வந்தால்தானே குழைகிறது, பாட்டும் பாண்டும் மாதிரி? அங்கே குழைந்த ஒலி வந்தாலே முன்னால் ஒரு மூக்கொலி தானாக ஒட்டிக்கொண்டு வருமாம். சொல்லின் தொடக்கத்திலேயே ம்ப, ண்ட, ங்க. பேரேட்டில் நான் ஏன் பாதிச் சொற்களை ஒற்றெழுத்தில் தொடங்கி எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. என் காது கேட்டது தப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இந்தக் குடும்பத்து மொழிகளில் 'நீ' என்பதில் ஆண் பெண் உண்டு. ஆணைக் கூப்பிட ஒரு 'நீ', பெண்ணைக் கூப்பிட வேறு 'நீ'. 'நான்' எல்லாருக்கும் ஒன்றுதான். இதைப் படித்தபோது ரொம்ப அதிசயமாக இருந்தது, ராத்திரி படுத்து யோசித்தால் அவ்வளவு அதிசயமாகத் தோன்றவில்லை. நாமும் வாடா, வாடி என்கிறோம், 'நீ'யில் விட்டதை வாலில் பிடித்துவிடுகிறோம். வினைகளைக் கோப்பதும் கிட்டத்தட்ட நம் வழிதான், எழுந்து, முகம் கழுவி, தோட்டத்துக்குப் போய், கிழங்கு தோண்டி, என்று கோத்துக்கொண்டே போய்க் கடைசி வினையில்தான் மூச்சு விடுவார்கள். ஆனால் மனம்பு, யாட்முல் போன்றவற்றில் ஒரு வசதி கூடுதல். நடுவில் வரும் வினையைப் பார்த்தாலே அடுத்த வேலையைச் செய்யப்போவது அதே ஆளா வேறு ஆளா என்று தெரிந்துவிடுமாம். நம் எச்சத்தில் 'அவன் போய் நான் வந்தேன்' என்று சொல்ல முடியாமல் 'அவன் போனதும்' என்று சுற்றிக்கொண்டு போகிறோமே, அந்தச் சுற்று இல்லை.

ஆனால் இலக்கணத்தைவிட எனக்குப் பிடித்தது இவர்கள் நடந்த கதை. ண்டு குடும்பத்தின் வேர் தெற்கே செபிக் பக்கம். அந்த ஆறே 1100 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 6000 வருஷம் முன்னால் அந்தச் சமவெளியின் பெரும்பகுதி கடல்நீர் நிறைந்த உள்வளைகுடாவாக இருந்தது என்கிறார்கள். ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அது தூர்ந்து, நிலம் வெளியே வந்தது. இந்தக் குடும்பத்து மக்களில் ஒரு பகுதி வடக்கே நகர்ந்தார்கள். புல்வெளியைக் கடந்து, மலையடிவாரத்துக்கு வந்து, ஏற்கெனவே அங்கே இருந்த வேறு மொழிக்காரர்களோடு சண்டையும் சம்பந்தமும் வைத்துக்கொண்டு, மலையேறி, அந்தப்பக்கம் இறங்கிக் கடலைத் தொட்டார்கள். குடும்பத்தில் கடல் வரைக்கும் வந்தது போய்க்கின் ஒன்றுதான். வந்ததோடு நிற்காமல் தீவுக்கும் போனார்கள். ஆற்றிலிருந்து கிளம்பியவர்களுக்குக் கடலோர ஊர் ஒன்றின் பெயரை வைத்தது எவ்வளவு தலைகீழ் பாருங்கள், பயணத்தின் கடைசி நிறுத்தத்தைப் பிறந்த ஊர் என்று எழுதிக்கொடுத்த மாதிரி.

மக்கள் மலையிலிருந்து கடலுக்குப் போனார்கள் என்றால் சங்கும் சிப்பியும் கடலிலிருந்து மலைக்குப் போயின. யாங்கோருப் பக்கத்தில் பெண் எடுக்கவேண்டுமானால் சிப்பி வளையங்களும் பன்றிகளும் வேண்டும். டாலிபுன் என்று ஒன்று உண்டு. பெரிய பச்சைச் சங்கின்மேல் பிரம்பில் பின்னிய ஒரு முகத்தைப் பொருத்தி, வண்ணம் பூசியிருப்பார்கள். ஐரோப்பிய மியூசியங்களில் அதைக் கலைப்பொருள் என்று கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே அது பணம். மூக்கும் கண்ணும் உள்ள பணம். நாட்டின் இன்றைய நாணயத்துக்கே கீனா என்றுதான் பெயர், 1975-ல் வந்தது. கீனா என்பது முத்துச்சிப்பி. சம்பளப் பட்டியல் போடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், இந்த மாதம் இவருக்கு இத்தனை சிப்பி என்று. கோடவுன்காரரின் கல்யாணத்துக்கு அவர் குடும்பம் கொடுத்ததில் பன்றியும் ரொக்கமும் போக, தாத்தா காலத்துச் சிப்பி வளையங்களும் இருந்தனவாம். "எங்கள் ஆட்கள் பன்றியைக் கொடுத்துக் கொடுத்து மலைக்கு ஏற்றிய சிப்பி. இவளுக்காகத் திரும்பக் கடலுக்கே போய்விட்டது" என்று சொல்லி அலுத்துக்கொண்டார். சூசாவுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது.

ஒரு துக்கத்துக்கு அவரோடு யாங்கோரு போனேன். செபிக் ஹைவேயில் லாரி மாதிரி ஒரு வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் அரிசி, மண்ணெண்ணெய், ஒரு பன்றிக்குட்டி. பாசாம் தாண்டியதும் ரோடு என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். வழியெல்லாம் வனிலாக் கொடி. மடகாஸ்கரில் புயல் அடித்து உலகச் சந்தையில் வனிலா விலை ஏறியபோது, 2003 வாக்கில், இந்த மலைக்காரர்கள் கையிலும் திடீரென்று பணம் புரண்டது, அப்புறம் விலை விழுந்தது, கொடி மட்டும் நின்றது. வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியபோது கோடவுன்காரர் தாடையால் ஒரு மலையைக் காட்டினார், கையால் காட்டவில்லை. "ஹுருன்" என்றார். நான் வரைபடத்தில் அதை டுரு என்றுதான் பார்த்திருந்தேன்.

அந்த மலையின் கதை வெளியுலகத்துக்குக் கொஞ்சம் தெரியும், கேலியாகத் தெரியும். 1960களில் அமெரிக்க சர்வே குழு ஒன்று மலையுச்சியில் சிமெண்ட் சர்வே கற்களை நட்டுவிட்டுப் போனது. அந்த மலை யாங்கோருக்காரர்களுக்குச் சாதாரண மலை இல்லை. கல் வந்த பிறகு வேட்டை குறைந்தது, தோட்டம் விளையவில்லை என்று பேச்சுக் கிளம்பியது. மத்தியாஸ் யாலிவான் என்பவர் கல்லை எடுத்தே ஆகவேண்டும் என்றார், கூட டேனியல் ஹவினா. 1971 ஜூலை 7 என்று நாள் குறித்து, ஆயிரக்கணக்கான பேர் திரண்டு, மலையேறி, கற்களைப் பெயர்த்துக் கீழே சுமந்துவந்து யாங்கோருவில் அரசு அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். ஒரு அடிதடி இல்லை. பத்திரிகைகள் இதைச் சரக்கு வழிபாடு, வானத்திலிருந்து பொருள் கொட்டும் என்று நம்பும் கூட்டம், என்று எழுதின. அப்படி நம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் 1972 தேர்தலில் யாலிவானை அதே மக்கள் பெரிய வாக்கு வித்தியாசத்தில் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள், அதைக் கேலி எழுதியவர்கள் அவ்வளவு விரிவாக எழுதவில்லை. நம் ஊரில் வீட்டுக் கொல்லையில் யாரோ வந்து கேட்காமல் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனால் நாம் என்ன செய்வோம்? கேஸ் போடுவோம். அவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் பத்திரமாக.

கோடவுன்காரருக்கு அப்போது ஐந்தாறு வயது. அன்றைக்கு அம்மா தோட்டத்துக்குப் போகவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். அந்தக் கல் எதற்கென்று அப்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லையாம். வரைபடம் போட. அந்த வரைபடத்தில் மலையின் பெயர் டுரு, மலைத்தொடரின் பெயர் பிரின்ஸ் அலெக்சாண்டர், மொழியின் பெயர் போய்க்கின். மலைக்கே ஒரு ஐரோப்பிய இளவரசனின் பெயரை மாட்டிவிட்டவர்களுக்கு மொழிக்கு மீன்பிடி ஊரின் பெயரை மாட்டுவது பெரிய காரியமா?

யுத்தம் பற்றி அங்கே எல்லாரும் பேசுவார்கள், ஜப்பான் காலம் என்று. ஜப்பானியரின் 18-வது படை கடற்கரையிலிருந்து துரத்தப்பட்டு இந்த மலைகளுக்குள் ஏறியது, கிராமத்துத் தோட்டங்களைத் தோண்டித் தின்றது. தளபதி அடாச்சி 1945 செப்டம்பர் 13 அன்று வீவாக்குக்குப் பக்கத்தில் கேப் வோமில் வாளை ஒப்படைத்தார். இன்றைக்கு அது ஒரு அமைதியான கடற்கரைப் பூங்கா, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவார்கள். நானும் போய் மீன் வறுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 3000 பேரை 1943-ல் கப்பலில் ஏற்றி இந்த வீவாக்கில்தான் இறக்கினார்கள், உயிரோடு மீண்டவர்கள் இருநூறு பேர் அளவுதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மீன் அவ்வளவு இறங்கியிருக்காது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நான் அங்கே இருந்த 2010 வாக்கில் ஆரம்ப வகுப்புகளை டோக் ப்ளெஸில் நடத்தவேண்டும் என்பது அரசின் கொள்கை. 1990களில் கொண்டுவந்தது, நானூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் நடந்தது, உலகத்தில் வேறெங்கும் இப்படிக் கேள்விப்பட்டதில்லை. காகிதத்தில் அருமையான திட்டம். கிராமத்தில் ஓரளவு நடந்தது. ஆனால் வீவாக் நகரத்தின் குடியிருப்பில், ஒரே வகுப்பில் மலைப்பிள்ளை, ஆற்றுப்பிள்ளை, தீவுப்பிள்ளை என்று உட்கார்ந்திருந்தால் எது டோக் ப்ளெஸ்? கோடவுன்காரர் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. டீச்சர்கள் டோக் பிசினில் நடத்தினார்கள், வேறென்ன செய்வார்கள். 2013-ல் அரசே முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று மாற்றிவிட்டது. பெற்றோர்களில் பலர் அதைத்தான் கேட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, என் மகள் எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படித்தாள் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

மொழி சாகிறது என்று கண்ணீர் விடுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன, எனக்கு அது கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது. யாங்கோருத் துக்கவீட்டில் இரண்டு ராத்திரி இருந்தேன். கிழவர்கள் மட்டும் இல்லை, இருபது வயசுப் பையன்களும் ஊர்ப்பேச்சில்தான் பன்றிக்குப் பங்கு பேசினார்கள். நடுநடுவே டோக் பிசின் நுழையும், திரும்ப ஊர்ப்பேச்சு. அங்கே கோடவுன்காரர் வேறு ஆளாக இருந்தார். கடையில் "யெஸ் பாஸ்" என்று இரண்டு சொல்லில் முடிக்கிறவர், அங்கே எழுந்து நின்று அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு கேட்டேன். "பழைய கடன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பாக்குக் கொடுத்தும் மேலே சொல்லவில்லை.

நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், மழை கொட்டிய ஒரு மத்தியானம், கோடவுனில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பேரேடு விரித்திருந்தது, வழக்கமான சண்டை. நீங்கள் இரண்டு பேரும் பேசுவது ஒரே மொழிதான், படித்தவர்களே எழுதியிருக்கிறார்கள் என்று நான் நியாயம் சொன்னேன். "எழுதினவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டாரா?" என்றார் சூசா. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி நாகர்கோவில்.

"இன்னாம்மா, சாப்ட்டியா?" என்றேன்.

"தின்னாச்சு. அங்கன மழ உண்டுமா? சத்தம் கேக்கு."

"கொட்டோ கொட்னு கொட்டிக்கினு கீது."

"வெளங்கல, ஒழுங்கா சொல்லுங்கோ."

ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வைத்தேன். கோடவுன்காரர் வாயிலிருந்த பாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரிக்கு எந்த ஊர் என்று கேட்டார். தெற்குக் கோடி, கடலோரம், என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே மொழிதான் என்று கூடவே சொல்லிவைத்தேன். அவர் சூசாவைப் பார்த்தார். சூசா இல்லை என்று தலையாட்டினார்.

"டுபெலா டோக் ப்ளெஸ்" என்றார் கோடவுன்காரர். இரண்டு மொழி. சொல்லிவிட்டுக் கையை நீட்டினார், பாக்குக்கு.